உறங்கும் கலத்தின் கதவு: குருதிக் குருத்துக்கலத்துக்குள் மரபணுவைக் கொண்டுசேர்ப்பது ஏன் இவ்வளவு கடினம்?

ஹீமோபீலியா எனப்படும் குருதி உறையாமை நோயால் கடுமையாகப் பாதிக்கப்பட்ட ஐந்து ஆண்களுக்கு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மரபணுச் சிகிச்சை வழங்கப்பட்டது. அதன் முடிவுகள் 2024 டிசெம்பரில் நியூ இங்கிலாந்து மருத்துவ சஞ்சிகையில் வெளியாகின. கண்காணிக்கப்பட்ட காலம் முழுவதும் ஐவரில் எவருக்கும் குருதிக்கசிவு ஏற்படவில்லை. செய்தியானது இதுதான். ஆனால், அந்த ஆய்வில் செய்தியாகாத ஒரு விடயம் இருக்கிறது. என்னைக் கேட்டால், முக்கியமானது அதுவே.

ஐவரும் ஒரே முறையில் சிகிச்சை பெறவில்லை. புகுத்தப்பட்ட மரபணுவும் அதைச் சுமந்து சென்ற வைரஸும் ஒன்றுதான். ஆனால், முதல் இருவரின் கலங்களுடன் வைரஸ் மட்டும் சேர்க்கப்பட்டது. அடுத்த மூவரின் கலங்களுடன், வைரஸ் உள்நுழைவதை இலகுவாக்கும் ஒரு துணைப்பொருளும் சேர்க்கப்பட்டது. ஆரோக்கியமான ஒருவரின் குருதியில் உள்ள காரணி 8 எனும் உறைதல் புரதத்தின் அளவை 100 என்று எடுத்துக்கொண்டால், முதல் இருவரில் அது 5 அளவிலும் 2க்குச் சற்றுக் குறைவாகவும் நின்றது. பின்னைய மூவரில் ஒருவருக்கு ஏறத்தாழ 19, ஒருவருக்கு 37, மற்றவருக்கு 40. கடுமையான நோயாளி ஒருவரில் இது 1ஐக்கூட எட்டாது. ஆக, ஐவருமே பயன் பெற்றார்கள். இருந்தாலும் 2க்கும் 40க்கும் இடையிலான தூரம் சிறியதல்ல.

மரபணு ஒன்றாகவே இருக்க, அதைக் கலத்துக்குள் சேர்க்கும் முறை மட்டும் மாறியபோது ஏன் இவ்வளவு வித்தியாசம்? இந்தக் கேள்விக்குப் பின்னால் முப்பது வருட ஆராய்ச்சி இருக்கிறது. அதில் வெற்றிகளும் உண்டு, சிறுபிள்ளைகளின் உயிரைப் பணயம் வைத்த தோல்விகளும் உண்டு.

ஏன் குருத்துக்கலமே வேண்டும்?

நமது உடல் நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 பில்லியன் செங்குழியங்களைப் புதிதாக உருவாக்குகிறது. ஒரு செங்குழியத்தின் ஆயுள் 120 நாட்கள். ஆகவே செங்குழியத்தையோ அதன் உடனடித் தாய்க் கலத்தையோ திருத்தினால், சில மாதங்களில் அந்தத் திருத்தம் காணாமல் போய்விடும். நிலைக்க வேண்டுமென்றால் எல்லாவற்றுக்கும் மூலமான கலத்தைத் திருத்த வேண்டும். பத்திரிகைகள் ஸ்டெம் செல் என்று எழுதும் இந்தக் குருத்துக்கலங்கள் என்பு மச்சையில் வாழ்கின்றன. இப்படியொரு கலம் உண்டு என்பதை 1961இல் ரொறன்ரோவில் ஜேம்ஸ் டில், ஏர்னஸ்ட் மக்குல்லொக் ஆகிய இருவரும் எலிகளை வைத்து நிறுவினர். வளர்ந்த மனிதர் ஒருவரில் குருதியை உண்டாக்கிக் கொண்டிருப்பவை 50,000 முதல் 200,000 வரையான குருத்துக்கலங்களே என்று 2018இல் ஒரு மதிப்பீடு வெளியானது. நாளுக்கு 200 பில்லியன் செங்குழியங்களுக்கு இவ்வளவுதான் மூலதனம்.

இந்த மூலதனத்தை உடல் மிகச் சிக்கனமாகவே செலவிடுகிறது. குருத்துக்கலம் ஓயாமல் பிரிவடைந்தால் ஒவ்வொரு பிரிவிலும் டி.என்.ஏயில் பிழைகள் சேரும். கலமும் விரைவில் களைத்துவிடும். ஆகையால் அது பெரும்பாலும் உறங்குகிறது. பல மாதங்களுக்கு ஒருமுறைதான் பிரிவடைகிறது. உயர்தரத்தில் உயிரியல் படித்தவர்களுக்குக் கலவட்டம் நினைவிருக்கும். அந்த வட்டத்துக்கு வெளியே, ஜி பூச்சியம் எனப்படும் ஓய்வு நிலையில் இது ஒதுங்கி நிற்கிறது. அன்றாட உற்பத்தியைச் செய்வது அதன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமே.

மரபணுச் சிகிச்சையின் முழுச் சங்கடமும் இங்கேதான் தொடங்குகிறது. எளிதாகத் திருத்தக்கூடிய கலங்களைத் திருத்திப் பயனில்லை. திருத்த வேண்டிய கலமோ கதவைப் பூட்டிக்கொண்டு உறங்குகிறது.

எழுப்பினால் கெட்டுப்போகும்

ஆரம்பத்தில் பயன்பட்ட காவி, எலிகளில் புற்றுநோயை உண்டாக்கும் ஒருவகை ரெட்ரோவைரஸ். நோய் உண்டாக்கும் பகுதிகளை வெட்டியெடுத்துவிட்டு அந்த இடத்தில் வேண்டிய மரபணுவை வைப்பார்கள். இந்த வைரஸ் தன் மரபணுவை நமது நிறமூர்த்தத்தில் ஒட்டவைத்துவிடும். அதுதான் அதன் பயன். ஆனால், கருவைச் சுற்றியுள்ள மென்சவ்வைத் தாண்டும் வல்லமை அதற்கில்லை. கலம் பிரிவடையும்போது அந்த மென்சவ்வு சிறிதுநேரம் கரைந்துபோகும். அந்தத் தருணத்தில்தான் வைரஸின் சரக்கு உள்ளே போக முடியும். உறங்கும் கலத்தில் அத்தருணம் வருவதேயில்லை.

ஆகவே கலங்களை எழுப்பினார்கள். நோயாளியிடமிருந்து எடுத்த கலங்களை வளர்ச்சிக் காரணிகள் கலந்த திரவத்தில் நாட்கணக்கில் வைத்தார்கள். கலங்கள் பிரிவடைந்தன, வைரஸும் நுழைந்தது. ஆனால், எழுப்பப்பட்ட குருத்துக்கலம் பிரிவடையும்போது தன் குருத்துத் தன்மையை இழக்கத் தொடங்குகிறது. மீண்டும் உடலில் ஏற்றினால் மச்சையில் குடியேறும் திறனும் குறைகிறது. எத்தனை நாள் விழித்திருக்கிறதோ அத்தனைக்கு நட்டம். இந்தக் கொடுக்கல்வாங்கல் இன்றுவரை தீரவில்லை.

அப்படியிருந்தும் ஒரு பெரிய வெற்றி கிடைத்தது. பரிஸ் நெக்கர் வைத்தியசாலையில் அலன் ஃபிஷர், மரினா கவசானா ஆகியோரின் குழு, பிறவியிலேயே நோயெதிர்ப்பு இல்லாத குழந்தைகளுக்கு இந்த முறையில் சிகிச்சையளித்து 2000ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டது. அந்த நோயில் திருத்தப்பட்ட கலங்கள் திருத்தப்படாதவற்றை வென்று பெருகும். ஆகவே சில கலங்கள் திருந்தினாலே போதுமாக இருந்தது. பின்னர் பரிஸில் நான்கு பிள்ளைகளுக்கும் லண்டனில் நடந்த இதேபோன்ற ஆய்வில் ஒரு பிள்ளைக்கும் குருதிப் புற்றுநோய் ஏற்பட்டது. ஒரு பிள்ளை இறந்தது. பெரும்பாலானவர்களில் வைரஸ் தன் சரக்கை எல்.எம்.ஓ.2 எனும் மரபணுவுக்கு அருகில் இறக்கியிருந்தது. வைரஸின் சொந்த ஊக்கிப் பகுதி அந்த மரபணுவை அணைக்க முடியாதபடி இயக்கிவிட்டது.

அதற்குள் வேறொரு காவி தயாராகிக் கொண்டிருந்தது. 1996இல் கலிபோர்னியாவின் சோல்க் நிறுவகத்தில் லுய்ஜி நல்டினி, இந்தர் வர்மா, டிடியே ட்ரோனோ ஆகியோரின் குழு எச்.ஐ.வியிலிருந்து ஒரு காவியை உருவாக்கி, எலியின் மூளையிலுள்ள நரம்புக் கலங்களில் மரபணுவைச் சேர்த்துக் காட்டியது. நரம்புக் கலம் பிரிவடையாத கலம். எச்.ஐ.வி கருமென்சவ்வு கரையும் வரை காத்திருப்பதில்லை. அதிலுள்ள துவாரங்களின் வழியாகவே உள்ளே போய்விடும்.

எச்.ஐ.வி என்றதும் எவருக்கும் வயிற்றைக் கலக்கும். காவியில் எஞ்சியிருப்பது அந்த வைரஸின் ஓடும் உள்நுழையும் பொறிமுறையும் மட்டுமே. பெருகுவதற்கு வேண்டிய மரபணுக்கள் நீக்கப்பட்டு, மிகுதியும் தனித்தனித் துண்டுகளாகப் பிரிக்கப்பட்டே உற்பத்தி நடக்கிறது. கலத்துக்குள் ஒருமுறை போய் ஒட்டிக்கொண்டபின் அங்கிருந்து புதிய வைரஸ் பிறக்காது. பழைய காவியில் புற்றுநோய்க்குக் காரணமான ஊக்கிப் பகுதியும் இதில் செயலிழக்கச் செய்யப்பட்டிருக்கிறது.

பரிஸில் நத்தலி கார்த்தியே, பற்றிக் ஓபூர் ஆகியோரின் குழு மூளையின் வெண்பகுதியை அழிக்கும் பரம்பரை நோயொன்றைக் கொண்ட இரு சிறுவர்களுக்கு இந்தக் காவி மூலம் சிகிச்சையளித்து 2009இல் முடிவுகளை வெளியிட்டது. அவர்களின் குருதிக் கலங்களில் 9 முதல் 14 வீதமானவற்றில் திருத்தப்பட்ட புரதம் காணப்பட்டது. நோயின் முன்னேற்றத்தை நிறுத்த அது போதுமாயிருந்தது. எல்லா நோய்களுக்கும் இந்த அளவு போதாது.

பிரிவடையாதது வேறு, உறங்குவது வேறு

இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். எச்.ஐ.வி காவி பிரிவடையாத கலங்களுக்குள்ளும் போகும் என்று பல கட்டுரைகளில் படிக்கிறோம். அது உண்மை. அதனால் குருத்துக்கலத்துக்குள்ளும் இலகுவாகப் போய்விடும் என்று எண்ணுவது தவறு. நரம்புக் கலம் பிரிவடைவதில்லையே தவிர, முழுமூச்சாக வேலை செய்யும் கலம். ஓய்வு நிலையிலுள்ள குருத்துக்கலம் அடுப்பைத் தணித்துவைத்த வீடு மாதிரி. புரத உற்பத்தி குறைவு, மேற்பரப்பில் ஏற்பிகள் குறைவு, டி.என்.ஏ கட்டுவதற்கான கற்களும் குறைவு. வைரஸ் தன் ஆர்.என்.ஏயை டி.என்.ஏயாக மாற்ற அந்தக் கற்கள்தான் வேண்டும். கருவின் வாசல் மட்டுமே பூட்டு அல்ல. அதற்கு முன்னாலேயே பல பூட்டுகள்.

முதல் பூட்டு வெளிச்சுவரில். இன்று பயன்படும் காவிகளில் பெரும்பாலானவை மேலே அணிந்திருப்பது எச்.ஐ.வியின் உறையை அல்ல. மாடு, குதிரைகளின் வாயில் கொப்புளங்களை உண்டாக்கும் ஒரு வைரஸின் உறைப்புரதத்தை அவற்றுக்கு அணிவித்திருக்கிறார்கள். வி.எஸ்.வி-ஜி என்று பெயர். உறுதியானது, ஏராளமாக உற்பத்தி செய்யலாம், ஏறத்தாழ எல்லாக் கலங்களிலும் ஒட்டும். அது எதைப் பற்றிக்கொண்டு உள்ளே போகிறது என்பது 2013இல்தான் தெளிவானது: கெட்ட கொலஸ்டரோல் என நாம் சொல்லும் எல்.டி.எல்லைக் கலத்துக்குள் எடுக்கும் ஏற்பி. உறங்கும் குருத்துக்கலத்துக்குக் கொலஸ்டரோல் அதிகம் தேவையில்லை. ஆகவே அந்த ஏற்பியும் அதன் மேற்பரப்பில் மிகக் குறைவு. வைரஸ் வாசலுக்கு வருகிறது, பிடிக்கக் கைபிடி இல்லை.

பிரான்ஸின் லியோன் நகரில் எல்ஸ் வெர்ஹோயன் குழுவினர் வேறு உறையைத் தேடினார்கள். பபூன் குரங்கின் மரபணுத்தொகுதியில் பரம்பரை பரம்பரையாகத் தங்கியிருக்கும் ஒரு பழைய ரெட்ரோவைரஸின் உறைப்புரதத்தை எச்.ஐ.வி காவிக்கு அணிவித்தார்கள். அது பற்றிக்கொள்வது அமினோ அமிலங்களைக் கடத்தும் புரதங்களை. அவை குருத்துக்கலத்தில் உண்டு. 2014இல் வெளியான அவர்களது ஆய்வில், எந்த வளர்ச்சிக் காரணியாலும் எழுப்பப்படாத கலங்களில் 30 வீதம் வரை மரபணு சேர்ந்தது. எழுப்பிய கலங்களில் அது 90 வீதத்தை எட்டியது. அப்படியானால் எல்லோரும் உடனே இதற்கு மாறவில்லையே, ஏன்? இந்த உறையுடன் காவியைப் பெருமளவில் உற்பத்தி செய்வது சிரமம். ஆய்வுகூடத்துக் குப்பியில் கிடைக்கும் அளவுக்கும் ஒரு நோயாளிக்குத் தேவைப்படும் அளவுக்கும் நீண்ட தூரம்.

இரண்டாவது பூட்டு உள்ளே இருக்கிறது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு இதுதான். வைரஸ்களிடமிருந்து தற்காத்துக்கொள்ளச் சில புரதங்கள் நமது கலங்களில் உள்ளன. சாதாரண கலம் ஆபத்து வந்தபின்தான் அவற்றைப் பெரிய அளவில் தயாரிக்கும். குருத்துக்கலமோ எந்த நேரமும் அவற்றைத் தயாராக வைத்திருக்கிறது. வாழ்நாள் முழுவதற்குமான மூலதனமல்லவா? அவற்றுள் ஐ.எஃப்.ஐ.டி.எம்.3 என்ற புரதம், வி.எஸ்.வி-ஜி உறை அணிந்து வரும் வைரஸைப் பையிலிருந்து கலத்தின் உட்பகுதிக்குத் தப்பவிடாமல் தடுக்கிறது. மிலானின் சான் ரஃபாயேல் டெலித்தோன் நிறுவகத்தில் அன்னா கயாஸ்ரே-ருட்னிற்ஸ்கி குழுவினர், சைக்ளோஸ்போரின் எச் எனும் பொருள் இந்தக் காவலாளியைத் தற்காலிகமாக அகற்றிவிடுவதை 2018இல் காட்டினர். சிறுநீரக மாற்றுச் சிகிச்சை பெற்றவர்களுக்குச் சைக்ளோஸ்போரின் என்ற பெயர் பழக்கமானது. அவர்கள் எடுப்பது 'ஏ'. 'எச்' அதன் சகோதரம். ஆனால், நோயெதிர்ப்பை அடக்குவதில்லை. சில மணித்தியாலங்கள் காவலைத் தளர்த்தி, வைரஸ் உள்ளே போனபின் கழுவிவிட்டால் காவலாளி திரும்ப வந்துவிடுவார்.

இவை தவிர, கலத்தையும் வைரஸையும் நெருக்கமாக வைத்திருக்கும் ஃபைப்ரோநெக்ரின் துண்டு பூசிய தட்டுகள், மென்சவ்வை இளக்கும் சவர்க்காரம் போன்ற பல்பகுதியங்கள், ஹெப்பாரினை முறிக்க வைத்தியசாலைகளில் பாவிக்கும் புரோட்டமீன் சல்பேற்று, புரொஸ்டகிளாண்டின் ஈ2 எனப் பல துணைப்பொருட்கள் பாவனைக்கு வந்துள்ளன. வேலூரில் இரண்டாவது குழுவினரின் முடிவை மாற்றியதும் இத்தகைய ஒரு படிதான். அரிவாள்வடிவக் கல நோய்க்கான அமெரிக்க ஆய்வொன்றிலும் இதே கதை நடந்தது. முதற்குழுவில் பலன் மந்தமாக இருந்தது. மருந்தின் மரபணுவை மாற்றாமல், கலங்களைச் சேகரிக்கும் முறையையும் தயாரிக்கும் முறையையும் மாற்றிய பின்பே பிற்குழுவில் நோயாளர்கள் தேறினர்.

கூடினால் நல்லதா?

நான் அரச வைத்தியசாலையொன்றின் இரத்த வங்கி ஆய்வுகூடத்தில் நீண்டகாலம் பணியாற்றியவன். தலசீமியாப் பிள்ளைகளுக்கு மாதாமாதம் இரத்தம் ஏற்றக் கொண்டுவரும் தாய்மார் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். "வேலூருக்குக் கொண்டுபோனா இது மாறுமோ தம்பி?" முன்பெல்லாம் அந்தக் கேள்வி என்பு மச்சை மாற்றைப் பற்றியது, அதற்கு ஒத்துப்போகும் சகோதரம் வேண்டும், ஒவ்வொரு சகோதரத்துக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று. இப்போது மரபணுச் சிகிச்சையைப் பற்றியும் கேட்கிறார்கள். சுருக்கமான பதில் சொல்வது கஷ்டம்.

தலசீமியாவில் மரபணுச் சிகிச்சை பலன் தருகிறது என்பதில் இப்போது சந்தேகமில்லை. சின்டெக்லோ என்ற மருந்தின் பிந்திய ஆய்வில், மதிப்பிடக்கூடிய 22 பேரில் 20 பேர் இரத்தம் ஏற்றுவதிலிருந்து விடுபட்டார்கள். தலசீமியாவுக்கு 9 வீதக் கலங்கள் போதாது. போதிய ஈமோகுளோபின் கிடைக்க, குருத்துக்கலங்களில் பெரும்பங்கு திருந்த வேண்டும். ஆகவே உள்நுழைவை மேம்படுத்துவது இந்த நோயாளருக்கு உயிர்ப் பிரச்சினை.

ஆனால், இன்னொரு பக்கம் உண்டு. ஒரு கலத்தில் எத்தனை பிரதிகள் சேர்கின்றனவோ, நிறமூர்த்தத்தில் அத்தனை இடங்கள் கீறப்படுகின்றன. 2009இல் இரு சிறுவர்களுக்குச் சிகிச்சையளிக்கப்பட்ட அதே மூளை நோய்க்காக அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட ஸ்கைசோனா எனும் மருந்தைப் பெற்ற 67 பேரில் 7 பேருக்குக் குருதிப் புற்றுநோய் ஏற்பட்டதாக 2024 ஒக்ரோபரில் அறிக்கை வந்தது. அந்தக் காவியில் வலுவான வைரஸ் ஊக்கியொன்று இருந்தது. மற்றக் காவிகளில் அது இல்லை. இருந்தாலும், கதவை அகலத் திறப்பவர்கள் உள்ளே போவது எத்தனை என்பதையும் எண்ண வேண்டியிருக்கிறது. எல்லாக் கலங்களிலும் ஒன்று அல்லது இரண்டு என்பதே விருப்பம். சில கலங்களில் பத்தும் பலவற்றில் பூச்சியமும் என்றால், சராசரி நன்றாகத் தெரியும். நோயாளிக்கு நன்மை குறைவு, ஆபத்து கூடுதல்.

வைரஸே வேண்டாம் என்று கிறிஸ்பர் கத்தரிக்கோலை நாடியவர்களும் இந்த உறக்கத்திலிருந்து தப்பவில்லை. 2023 நவம்பரில் பிரித்தானியா முதன்முதலில் அனுமதித்த கஸ்ஜெவி, மின்துடிப்பால் மென்சவ்வைத் திறந்து கத்தரிக்கோலை உள்ளே அனுப்புகிறது. அது ஓரிடத்தை வெட்டினால் போதும்; வெட்டுக்காயத்தை ஒட்டும் வேலையை உறங்கும் கலமும் செய்யும். பிழையான எழுத்துகளை நீக்கிச் சரியான மரபணுத் துண்டை அந்த இடத்திலேயே பொருத்துவது வேறு வேலை. அதற்கான திருத்தப் பொறிமுறை, கலம் பிரிவடையத் தயாராகும் வேளையில்தான் இயங்கும்.

பணக் கணக்கும் இந்தக் கதவோடு தொடர்புடையதே. சின்டெக்லோவின் அமெரிக்க விலை ஒருவருக்கு 2.8 மில்லியன் டொலர், கஸ்ஜெவி 2.2 மில்லியன் டொலர். விலை தொடர்பான இழுபறியில் சின்டெக்லோ 2021இல் ஐரோப்பாவிலிருந்தே விலகிக்கொண்டது. இலவச சுகாதார சேவையுள்ள, 2022இல் சாதாரண மருந்துகளுக்கே தட்டுப்பாட்டைச் சந்தித்த இலங்கைக்கு இந்தத் தொகைகள் நகைச்சுவை மாதிரி. குருநாகலிலுள்ள தேசிய தலசீமியா நிலையத்துக்கு வரும் பிள்ளைகளுக்கு இன்று கிடைப்பது இரத்தமும் இரும்பை வெளியேற்றும் மருந்தும்தான். விலையில் இலாபம் எவ்வளவு என்பது தனி விவாதம். ஆனால், மருத்துவத் தரத்திலான வைரஸ் காவியின் உற்பத்தி செலவில் ஒரு பெரும் பங்கு. கலம் ஒன்றுக்கு 50, 100 என்ற கணக்கில் வைரஸை ஊற்றி, சில நெறிமுறைகளில் மறுநாள் மீண்டும் ஊற்றுகிறார்கள். துணைப்பொருட்கள் வந்தபின் ஒரே தடவை போதும் என்ற நிலை உருவாகிறது. ஒரு நோயாளிக்கான வைரஸ் பாதியானால், ஒரே உற்பத்தியில் இருவருக்கு மருந்து தயாரிக்கலாம்.

கலங்களை வெளியே எடுக்காமலே சிகிச்சையளிக்கும் முயற்சியும் நடக்கிறது. குருத்துக்கலத்தின் மேற்பரப்பிலுள்ள சி.டி.117 என்ற அடையாளத்தைத் தேடிச்செல்லும் கொழுப்புத் துணிக்கைகளில் மரபணுத் திருத்தியை ஏற்றி, அவற்றை எலிகளின் குருதியிலேயே செலுத்திய பிலடெல்பியா ஆய்வு 2023இல் வெளியானது. மச்சையை வெறுமையாக்கும் கடும் மருந்து அப்போது தேவைப்படாது. அந்த மருந்து மலட்டுத்தன்மையை உண்டாக்கக்கூடியது என்பதைத் தாய்மாரிடம் சொல்லும்போது, பலர் கேள்வியை அத்தோடு நிறுத்திவிடுவார்கள்.

வேலூர் ஆய்வில் ஒருவர் கண்காணிக்கப்பட்ட காலம் 9 மாதங்கள் முதல் 27 மாதங்கள் வரை. மரபணுவை நிறமூர்த்தத்தில் ஒட்டவைக்கும் சிகிச்சைகளைப் பெற்றவர்களை 15 வருடங்கள் வரை தொடர்ந்து பரிசோதிக்க வேண்டும் என்பது அமெரிக்க மருந்து அதிகாரசபையின் வழிகாட்டல். பரிஸில் முதலாவது குருதிப் புற்றுநோய்கள் தெரியவந்தது சிகிச்சைக்கு ஏறத்தாழ மூன்று வருடங்களின் பின்னரே.